நர்ஸ் வேலையை விட்டுட்டு எம்பிஏ: 10 லட்சம் லோன் வாங்கலாமா?

கேள்வி: சார், நான் சென்னையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூல ஸ்டாஃப் நர்ஸ். வயசு 29, பி.எஸ்சி நர்சிங். கைக்கு 34,000 வருது, பேசிக் 18,000. இங்க சேர்ந்து 4 வருஷம் 7 மாசம் ஆச்சு. அமைந்தகரைல ஹாஸ்டல், மாசம் 12,000 அரக்கோணத்துல அம்மாவுக்கு அனுப்புறேன். எஃப்டி 3 லட்சம் இருக்கு, அம்மாகிட்ட எனக்காக 12 சவரன் வச்சிருக்காங்க. ரெண்டு மாசத்துல ரிசைன் பண்ணிட்டு ஒரு காலேஜ்ல ரெண்டு வருஷ ஃபுல் டைம் எம்பிஏ, ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட் சேரலாம்னு இருக்கேன். ஃபீஸ் 10 லட்சம், மொத்தமும் லோன். நைட் டியூட்டி முடிச்சு பஸ்ல உக்காந்து இதை டைப் பண்றேன். சரியா வருமா?

பதில்: படிக்கணும்ங்கிற முடிவு தப்பே இல்லமா. ஐசியூல அஞ்சு வருஷம் நின்ன ஒருத்தருக்கு பெட் ஏன் காலியாக மாட்டேங்குது, டிஸ்சார்ஜ் பில்லு ஏன் சாயங்காலம் வரைக்கும் இழுக்குது, இன்ஷூரன்ஸ் அப்ரூவல் எங்க மாட்டுதுன்னு எல்லாம் தெரியும், புக்கு மட்டும் படிச்சுட்டு வர்றவங்களுக்கு அது தெரியாது. எனக்கு பயம் எல்லாம் அந்த 10 லட்சம் மேலதான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன். எம்பிஏ முடிச்சும் நீங்க நெனச்ச வேலை அமையல, திரும்ப வார்டுக்கே வர்றீங்கன்னு வைங்க. இதே 34,000ல அந்த ஈஎம்ஐ கட்ட முடியுமா?

போட்டுப் பாக்கலாம். வட்டி 10.5%ன்னு வச்சுக்குவோம். எஜுகேஷன் லோன்ல படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் பொதுவா ஈஎம்ஐ கட்ட வேணாம், ஆனா வட்டி ஓடிட்டேதான் இருக்கும். ஃபீஸ் வருஷத்துக்குப் பாதிப் பாதியா போகுதுன்னா முதல் வருஷம் 52,500, அடுத்த ரெண்டு வருஷம் 1,05,000, 1,05,000, ஆக நீங்க முதல் ஈஎம்ஐ கட்டறதுக்கு முன்னாடியே கடன் 12.6 லட்சத்தைத் தாண்டிடும். அதை 7 வருஷத்துல அடைக்க மாசம் 21,300 கிட்ட வரும். 34,000ல அது போயி அம்மாவுக்கு 12,000 போச்சுன்னா உங்க கையில நிக்கிறது 700 ரூபா. ஹாஸ்டல் வாடகை எங்கேர்ந்து வரும்?

இதுல ரெண்டு வருஷம் வராம போற சம்பளம் 8,16,000, அதை நான் இன்னும் சேர்க்கவே இல்ல. அந்த ரெண்டு வருஷமும் அம்மாவுக்கு யார் அனுப்புவா, அதைப் பத்தி நீங்க ஒரு வரி கூட எழுதல.

அதே கணக்கு 4 லட்சம் லோனுக்குப் போட்டா ஈஎம்ஐ 8,500 கிட்டதான், மூச்சு விடலாம். அதனால டான்செட் எழுதுங்க, எம்பிஏவுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்துற நுழைவுத் தேர்வு அது, அந்த மார்க்கை வச்சு கவுன்சிலிங்ல அரசு, யுனிவர்சிட்டி காலேஜ்ல சீட்டு கெடச்சா ஃபீஸ் ரொம்பவே கம்மி. ஐஐஎம்ல எம்பிஏ சேர எழுதுற கேட் (CAT) எக்ஸாமும் எழுதிப் பாருங்க, ஸ்கோர் நல்லா வந்து பெரிய இன்ஸ்டிட்யூட்ல சீட்டு வந்தா அப்போ பெரிய லோனைப் பத்தி மறுபடி பேசலாம், அது வேற கணக்கு. நீங்க சொல்ற காலேஜ்லயே சேரணும்னா ஹையஸ்ட் பேக்கேஜ் எவ்ளோன்னு கேக்காதீங்க, நோட்டீஸ்ல பெருசா போட்டிருக்கிறது அதுதான். மீடியன், அதாவது பாதிப் பேருக்கு அதுக்கு மேல, பாதிப் பேருக்கு அதுக்குக் கீழன்னு நடுவுல நிக்கிற சம்பளம் எவ்ளோ, போன பேட்ச்ல நர்சிங் முடிச்சவங்க எங்க சேர்ந்தாங்கன்னு கேட்டு, அவங்கள்ல ரெண்டு பேர்கிட்ட நீங்களே ஃபோன்ல பேசுங்க.

இன்னொண்ணு, 7.5 லட்சத்துக்கு மேல போனா பேங்க்ல பெரும்பாலும் சொத்து அடமானம் கேப்பாங்க. அது அரக்கோணம் வீட்டுப் பத்திரத்துலயோ அந்த 12 சவரன்லயோதான் போயி நிக்கும். ரெண்டையும் தொடாதீங்க. எஜுகேஷன் லோன் வட்டிக்கு வரிச்சலுகை இருக்குன்னு யாராவது சொன்னா அதை நம்பி லோனைப் பெருசாக்காதீங்க. அது பழைய வரி முறையில மட்டும்தான். புதுசுல சம்பளம் 12.75 லட்சம் வரைக்கும் வரியே இல்ல, அப்புறம் எதுல கழிக்கிறது?

ரிசைன் விஷயம்தான் அவசரம். 4 வருஷம் 7 மாசத்தோட நிக்கிறீங்க, இன்னும் 5 மாசம் இருந்தா 5 வருஷம் முடிச்சவங்களுக்குக் கெடைக்கிற கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வந்துடும். பேசிக் 18,000ஐ மாசத்துக்கு 26 நாள்னு வகுத்து, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம்னு 5 வருஷத்துக்குப் போட்டா கிட்டத்தட்ட 52,000. எத்தன நைட் டியூட்டி பாத்து சேர்ந்த காசுமா அது, ரெண்டு மாசத்துல கெளம்பி அதை விட்டுடாதீங்க. பிஎஃப்பையும் எடுக்காதீங்க, அப்படியே இருக்கட்டும். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் நீங்க வெளிய வந்த அன்னைக்கே போயிடும், அதனால உங்களுக்கும் அம்மாவுக்கும் தனியா ஒரு பாலிசி இப்பவே போடுங்க, 2025 செப்டம்பர் 22லேர்ந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கெடயாது. அம்மாவுக்கு சுகர், பிபி இருந்தா மறைக்காம எழுதுங்க.

எஃப்டி 3 லட்சத்துல ஒரு ரூபா கூட ஃபீஸுக்குப் போகக் கூடாது, படிக்கிற 24 மாசத்துக்கு அம்மாவுக்கு அனுப்ப வேண்டியதே 2,88,000 வருது பாருங்க. உங்க கைச்செலவுக்கு லீவு நாள்ல டியூட்டி பாக்கலாம், அதுக்கு நர்சிங் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆகாம பாத்துக்கோங்க.

நாளைக்கு டியூட்டிக்குப் போகும்போது எச்ஆர்ல உங்க ஜாயினிங் தேதியை எழுத்துல வாங்கிடுங்க. அந்தத் தேதியிலேர்ந்து முழுசா 5 வருஷம் முடியற வரைக்கும் ரிசைன் லெட்டர் உங்க பையிலயே இருக்கட்டும், அந்த அஞ்சு மாசமும் டான்செட்டுக்குப் படிங்க.