லைசென்ஸ் மகளோடு வர்ஜீனியாவுக்குப் போகுமா?

அன்புள்ள அம்மா,

மகள் கான்சாஸ் சிட்டியில், மிசௌரி பக்கம், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலைப் பட்டம்) முடிக்கப்போகிறாள், அமைந்திருக்கும் வரன் வர்ஜீனியாவில். "அங்கே போனால் எல்லாம் முதலிலிருந்தா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் சமூகப்பணி செய்தவர் பெங்களூருக்கு மாறினால் நம்மூரில் பொதுவாக யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி வாரியம், தனி உரிமம்.

மகள் இருக்கும் ஊரிலேயே ஸ்டேட் லைன் ரோடு என்று ஒரு தெரு உண்டு. ஒரு பக்கம் மிசௌரி, எதிர்ப்பக்கம் கான்சாஸ். தெருவைத் தாண்டிக் குடிபோனவருக்குப் போனில் கவுன்சிலிங் கொடுக்கக்கூட அந்தப் பக்கத்து உரிமம் வேண்டும். கவுன்சிலிங் பெறுபவர் எந்த மண்ணில் இருக்கிறாரோ, அந்த மாநிலச் சட்டம்தான்.

இந்தத் தொல்லைக்காகவே மாநிலங்கள் ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. 2023-ல் முதலில் சேர்ந்தது மிசௌரி. 2024-ல் கான்சாஸும் வர்ஜீனியாவும் வந்தன. மகள் விஷயத்தில் இது நல்ல பொருத்தம். சொந்த மாநிலத்தில் வாங்கும் பல மாநில உரிமம் மற்ற உறுப்பு மாநிலங்களிலும் செல்லும். குடிமாறினால் புதிய மாநிலம் அதை மாற்றித் தரும். உரிமத்துக்கான தேசியத் தேர்வை மறுபடி எழுத வேண்டாம். ஆனால் சட்டம் வந்த கையோடு உரிமம் கொடுக்கத் தொடங்கவில்லை. ஆணையம், விதிகள், பொதுத் தரவுத்தளம் என்று வேலை நீண்டது. விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மிசௌரி வாரியத்திடமே மகள் கேட்கட்டும்.

எனக்குக் கவலை வேறு. கிளினிக்கல் உரிமத்துக்கு, அதாவது மனநலச் சிகிச்சை தருவதற்கான உரிமத்துக்கு, பட்டத்துக்குப் பின் மேற்பார்வையில் 3,000 மணி நேரம் அல்லது 2 ஆண்டு முழுநேர வேலை வேண்டும். மாணவர் விசாவில், படிப்பு முடிந்தபின் வேலை செய்யக் கிடைக்கும் ஓ.பி.டி. அனுமதியோ 12 மாதம்தான். அறிவியல், கணினி படித்தவர்களுக்கு உள்ள நீட்டிப்பு சமூகப்பணிக்கு இல்லை. பாதியில் நிற்கும். ஆகவே ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் விசாவையும் கேளுங்கள், தப்பில்லை. அவர் எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்தால், மகளுக்கு மனைவி என்ற முறையில் எச்-4 விசா. பொதுவாக அவருடைய ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் மனு) அனுமதியான பிறகுதான் அதில் வேலை செய்ய முடியும்.

கிளினிக்கல் வரை காத்திருக்காமல், முதுநிலைப் பட்டத்தோடு வாங்கும் உரிமத்துக்கும் இந்த ஒப்பந்தத்தில் இடம் உண்டு. அதை முதலில் வாங்கட்டும். மிசௌரியில் செய்யும் மணிக்கணக்கை வர்ஜீனியா ஏற்குமா, மேற்பார்வையாளருக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று வேலையில் சேரும் முன்பே எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும். மாதாமாதம் கையெழுத்தும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மேற்பார்வையாளர் வேலை மாறிப்போனபின் பழைய கணக்குக்குக் கையெழுத்துத் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.