ரொட்டி சானாய்க்கு முன்னால் தேத்தண்ணியைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. செந்தூலில் குடியிருக்கிறேன், லோரி ஓட்டுகிறேன். போன மாதம் அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. இனிப்புநீர் இன்னும் வரவில்லை, ஆனால் பக்கத்தில் வந்துவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை கொடுக்கவில்லை. காலை 6 மணிக்கே கிளம்பிவிடுவதால் பசியாறல் மாமாக் கடையில்தான்: இரண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் தோசை. இனிமேல் ஓட்ஸ்தான் என்கிறார் மனைவி. காலையில் பட்டினி கிடந்தால் சீக்கிரம் குறையும் என்கிறார் கூட்டாளி. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பினாங்கு போகிறோம், ஹோட்டலில் காலைச் சாப்பாடும் சேர்த்தி. இனிப்புநீருக்குக் கிளிக்லசைட் மாத்திரை சாப்பிடும் அம்மாவும் வருகிறார். வாய்க்கு ருசியாக இனி எதுவுமே கூடாதா டாக்டர்?

பதில்: ருசியாகவே சாப்பிடலாம். முதலில் அந்த 6.1-ஐப் பார்ப்போம். நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 6.3-ஐத் தொட்டால் இனிப்புநீர். நீங்கள் இடையில் நிற்கிறீர்கள். இந்த எண் ஒரு நாள் சாப்பாட்டை வைத்து வருவதில்லை, ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. அதனால் ‘டெஸ்டுக்கு முதல் நாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டேன்’ என்ற கதை இங்கே எடுபடாது. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். இந்தக் கட்டத்தில் பிடித்தால் பலருக்கு மாத்திரை இல்லாமலே திரும்பிவிடுகிறது என்பதுதான் நல்ல செய்தி.

வீட்டில் ரொட்டியைப் பற்றித்தான் சண்டை நடக்கிறது போலிருக்கிறது. நான் முதலில் கை வைப்பது உங்கள் கிளாஸில். தே தாரேக்கில் ஊற்றும் கெட்டிப் பாலில் பாதி சர்க்கரை. ஒரு மேசைக்கரண்டி ஊற்றினாலே இரண்டு டீஸ்பூன் சீனி உள்ளே போய்விடும், கடைக்காரர் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. அடியில் வெள்ளையாகப் படிந்து நிற்குமே, அதைக் கலக்கிக் கடைசிச் சொட்டு வரை குடிப்போம். பத்து மணிக்கு இன்னொன்று உண்டா? கடிதத்தில் அதை எழுதவில்லை, இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்தாறு டீஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இரண்டு கிளாஸிலேயே உங்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. புட்டியில் அடைத்த இனிப்புப் பானத்துக்கு 2019 ஜூலை முதல் அரசாங்கம் வரி போடுகிறது. மாமாக் கடையில் ஆற்றித் தரும் தேத்தண்ணிக்கு அந்த வரி கிடையாது, வாய்தான் கட்டுப்பாடு.

‘குராங் மானிஸ்’ என்று சொன்னால் போதாதா என்று கேட்பீர்கள். குறைப்பது கடைக்கு ஒரு மாதிரி, ஆளுக்கு ஒரு மாதிரி. பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ என்று கேளுங்கள். பால் இல்லாமல் இறங்காது என்றால் ‘தே சி கோசோங்’. அதில் சீனி சேர்க்காத ஆவிப்பால்தான் இருக்கும். முதல் வாரம் கசக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், பிறகு பழைய தே தாரேக்கை உங்களாலேயே குடிக்க முடியாது. ஆரோக்கியம் என்று நினைத்து மைலோவுக்கு மாறிவிடாதீர்கள், கடை மைலோவிலும் அதே கெட்டிப் பால்தான்.

இனி ரொட்டி. ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி. வெள்ளை மாவும் எண்ணெயும்தான் அதிகம், நார்ச்சத்து பேருக்குத்தான். இரண்டை ஒன்றாக்குங்கள், கூட அவித்த முட்டை ஒன்றோ இரண்டோ. இல்லையென்றால் ரொட்டி தெலோர் ஒன்று. ரொட்டி மூழ்கும்படி கறி ஊற்றும் ‘பஞ்சிர்’ வேண்டாம். பருப்பு கேளுங்கள், அடியிலிருந்து கெட்டியாக அள்ளிப் போடச் சொல்லுங்கள். மேலே மிதக்கும் மஞ்சள் தண்ணீரில் ஒன்றுமில்லை. இது தினசரிக்கான ஏற்பாடு இல்லை, வாரத்தில் இரண்டு நாள். மற்ற நாளில் தோசை சாப்பிடலாம். ஆனால் தோசைக்கும் சலுகை கிடையாது, அதுவும் அரிசிதான். இரண்டு தோசை, சாம்பாரில் கிடக்கும் கத்தரிக்காயையும் முருங்கைக்காயையும் ஒதுக்காமல். நாசி லெமாக் நாளில் சோற்றைப் பாதியாக்கி, முட்டையையும் வெள்ளரிக்காயையும் கூட்டிக்கொள்ளுங்கள். சம்பல் இனிப்பாக இருந்தால் தொட்டுக்கொண்டால் போதும்.

மனைவி சொல்லும் ஓட்ஸ் நல்லதுதான், வெந்நீர் ஊற்றிக் கலக்கும் இனிப்புப் பாக்கெட்டாக இல்லாத வரை. பாக்கெட்டின் பின்புறம் சீனியின் அளவைப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு இதைவிடப் பிடித்தது பச்சைப்பயறு தோசை. ஒரு கப் பயறோடு ஒரு கைப்பிடி பச்சரிசி சேர்த்து இரவே ஊறவைத்து, காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்போடு அரைத்து அப்படியே ஊற்றலாம். புளிக்கவைக்கும் வேலையில்லை. மேலே சின்ன வெங்காயத்தை நறுக்கித் தூவி மூடி வைத்தால் ஓரம் முறுகி வரும். 100 கிராம் பயறில் 24 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, மத்தியானம் வரை பசி அடங்கும். ஆறு மணிக்குக் கிளம்புகிறவருக்காக யார் அரைப்பது என்ற கேள்வி வரும். இரவே அரைத்து ஐஸ்பெட்டியில் வையுங்கள். அதையும் மனைவி தலையில் கட்டாதீர்கள், மிக்ஸி பட்டனை அழுத்த லோரி லைசென்ஸ் தேவையில்லை.

பட்டினி விஷயத்தில் கூட்டாளி முழுக்கத் தப்பில்லை. மாத்திரை சாப்பிடாத உங்களுக்குக் காலையில் சாப்பிடாமல் இருப்பதால் ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் லோரியில் உட்கார்ந்து பதினோரு மணிக்குப் பசி எடுத்தால் கண்ணில் படுவது பீசாங் கோரேங்தானே. உங்களுக்கு அது சரிவராது.

பினாங்கில், ஹோட்டல் பஃபேயில் தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் ‘சுக்கு சுக்கு செபாரு’ படம் ஞாபகம் இருக்கும்: கால் பங்கு சோறோ ரொட்டியோ, கால் பங்கு முட்டை, மீன், பருப்பு, மீதிப் பாதி காய்கறி, பழம். முட்டையையும் காயையும் முதலில் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மாவுப் பண்டத்துக்குப் போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். பழச்சாறு வேண்டாம், பப்பாளித் துண்டு போதும். ஒரு நாள் பஃபேயை விட்டுவிட்டு, விடிந்ததும் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறி இறங்கி, டிரான்ஸ்ஃபர் ரோட்டு ரொட்டி சானாய் ஒன்று சாப்பிடுங்கள். பினாங்கு வரை போய் அதைச் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவுக்கு இந்தத் திட்டம் கிடையாது. படியும் வேண்டாம், பசியோடு காத்திருப்பதும் வேண்டாம். கிளிக்லசைட் உள்ளே போன பிறகு சாப்பாடு தாமதமானால் சர்க்கரை சட்டென்று இறங்கும். பஃபேயில் வரிசை நீளமாக இருந்தால், தட்டு அவர் முன்னால் வந்த பிறகே மாத்திரையைக் கொடுங்கள். வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினாலோ, குளுக்கோமீட்டரில் அளவு 4.0 mmol/L-க்குக் கீழே போனாலோ மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியதும் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-க்கு அழையுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது அவருடைய குளுக்கோமீட்டரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுடைய அடுத்த எச்பிஏ1சி மூன்று மாதம் கழித்து எடுத்தால் போதும்.