ஃபேனை மாற்றும் முன் டிவி ஸ்டாண்டின் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: சென்னை ராயபுரத்தில் குடியிருக்கிறோம். ஹாலில் டிவியோடு இணைத்துப் படம் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். இன்டெல் ஐ5-8400, 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், கண்ணாடிக் கதவுக்குள் இருக்கிறது. வாங்கிய புதிதில் சத்தமே தெரியாது. இப்போது படம் ஓட ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆனால் 'உய்ங்' என்று கிளம்பிவிடுகிறது. மெதுவாகப் பேசும் காட்சிகளில் வசனமே காதில் விழுவதில்லை. யூட்யூப் போட்டால் இன்னும் மோசம். சர்வீஸ் கடையில் எல்லா ஃபேனையும் மாற்றச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் வாட்டர் கூலிங் போடச் சொல்கிறார். எது சரி?

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே மூன்று துப்பு கிடைக்கிறது: பத்து நிமிடம் கழித்துத்தான் சத்தம், கண்ணாடிக் கதவு, யூட்யூபில் மோசம். ஃபேன் தேய்ந்து போயிருந்தால் ஸ்விட்ச் போட்டதும் கரகரக்கும். பத்து நிமிடம் கழித்துக் கத்துகிறது என்றால் ஃபேன் தன் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. உள்ளே சூடு ஏறுகிறது, அதை வெளியேற்ற வேகமாக ஓடுகிறது. புது ஃபேன் போட்டாலும் அதே சூட்டுக்கு அதுவும் ஏறக்குறைய அதே ஓட்டம்தான் ஓடும்.

ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தெரியும். அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடுவதை 1000-க்குக் கொண்டுவந்தால், கேட்கும் சத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்புறம், நம் ஹாலில் சீலிங் ஃபேன் எப்படியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே சீராக வரும் சத்தத்தைக் காது சீக்கிரமே கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஏறி இறங்கும் சத்தம்தான் உயிரை வாங்கும். ஆகவே சுத்த அமைதிக்கு ஆசைப்பட வேண்டாம். மெதுவாக, ஒரே வேகத்தில் ஓடினால் போதும்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாதக் காலண்டரின் பழைய தாள் ஒன்றைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை கேபினட்டின் பின்பக்கமும் வைத்து மெல்ல நகர்த்துங்கள். கேபினட்டின் பின்புற ஃபேனா, ப்ராசசர் ஃபேனா, எஸ்எம்பிஎஸ்ஸா (மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி) என்பது தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஓடும் ஃபேனின் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தை விரல் நுனியால் இரண்டு நொடி அழுத்தி நிறுத்திப் பாருங்கள். இறக்கைகளில் விரல் வைக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ் ஃபேனிடம் இந்த வேலை வேண்டவே வேண்டாம். 'உர்ர்' என்று அடித்தொண்டைச் சத்தமாக இருந்தால் அது ஹார்ட் டிஸ்க்காக இருக்கலாம். 7200 சுற்று டிஸ்க் என்றால் நொடிக்கு 120 அதிர்வு. ஸ்டாண்டின் ப்ளைவுட் பலகை அதைத் தவில் தோல் மாதிரி வாங்கிப் பெரிதாக்கும். கேபினட்டின் நான்கு காலுக்கும் அடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டுகளை இரண்டாக மடித்து வையுங்கள். விண்டோஸை எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகமே இல்லாத டிஸ்க்) மாற்றிவிட்டால் அந்த டிஸ்க் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும்.

இனி கண்ணாடிக் கதவு. ப்ராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகட்டுக் கட்டான ஹீட்சிங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தனக்குள் வரும் காற்றைவிட ப்ராசசரைக் குளிர்விக்க அதனால் முடியாது. உதாரணத்துக்கு, ஒரு வேகத்தில் ப்ராசசர் சூடு உள்ளே வரும் காற்றைவிட 35 டிகிரி அதிகமாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 டிகிரி அறையில் அது 57. ராயபுரத்தில் மே மாத மாலை, ஹாலில் 34 என்றால் 69. மூடிய தட்டுக்குள் தன் சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்து உள்ளே 44 ஆகிவிட்டால் 79. ஃபேன் பதறாமல் என்ன செய்யும்? வெளிநாட்டு விமர்சனங்களில் 'சத்தமே இல்லை' என்று படித்துவிட்டு வாங்கும் சாமான் நம் ஊரில் இரைவதற்கும் பாதிக் காரணம் இதுதான். அவர்கள் சோதிக்கும் அறை வேறு.

ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ப்ராசசர் சூடும் ஃபேன் சுற்றும் தெரியும். ஒரே படத்தைக் கதவு மூடி அரை மணி நேரம், கதவு திறந்து அரை மணி நேரம் ஓட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் முதல் குற்றவாளி ஸ்டாண்டுதான். ஆசாரியை வரவழைத்து, அந்தத் தட்டின் பின்பலகையில் மேல்பக்கமாக உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஓட்டை போடச் சொல்லுங்கள். ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே 10 செ.மீ. இடம் விடுங்கள். கண்ணாடியை எடுத்துவிட்டுப் பிரம்புப் பின்னல் வைத்த கதவு போட்டால் பார்வைக்கும் அழகு, காற்றும் போகும். கதவை மூடினால் சத்தம் அடங்குமே என்று தோன்றும். கொஞ்ச நேரம் அடங்கும், அப்புறம் சூடு ஏறி வட்டியோடு திரும்பி வரும்.

அடுத்தது தூசி. உங்கள் பகுதியில் இது தனி ரகம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கண்டெய்னர் லாரிகள். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுப்பதால், தூசி பொடியாக உதிராமல் பசையாக ஒட்டிக்கொள்கிறது. ஹாலை ஒட்டி அடுப்படி இருந்து, வாரம் இரண்டு தடவை வஞ்சிரம் வறுபட்டால் எண்ணெய்ப் புகையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் கடையில் ப்ளோவரால் இரண்டு ஊது ஊதிக் கொடுத்தால் ஒன்றும் மாறுவதில்லை. ப்ராசசரோடு வந்த இன்டெல் கூலர்தான் உங்களுடையது என்றால், ஃபேனைத் தனியே எடுத்துவிட்டுக் கீழே பாருங்கள். இறக்கைகளுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி விரித்தது போல ஒரு படலம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் அதை மறைத்துவிடும். அந்தப் படலம் இருக்கும்வரை காற்று தகடுகளுக்குள் இறங்காது.

இதைக் கழற்றும்போது கவனம். சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்குங்கள். கூலரின் நான்கு மூலையிலும் உள்ள பின்களை, தலையில் உள்ள அம்புக்குறி காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். ஃபேனைப் பிரித்தபின் வெறும் ஹீட்சிங்கை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து மாட்டலாம். ஃபேனுக்குத் தண்ணீர் ஆகாது, இறக்கைகளை ஈரத்துணியால் துடைத்தால் போதும். மற்ற இடங்களுக்கு மாடிக்கு எடுத்துப்போய்ப் புது பெயின்ட் பிரஷ்ஷும் ப்ளோவரும். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்.

ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். மொபைல் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, புதுப் பேஸ்ட்டைப் பட்டாணி அளவுக்கு ப்ராசசரின் நடுவில் வையுங்கள். திரும்ப மாட்டும்போது பின்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு, எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். நான்கும் 'டக்' என்று விழ வேண்டும். போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஒரு பின் ஏறாமல் நின்றாலே ஹீட்சிங்க் சாய்ந்து, செய்த வேலையெல்லாம் வீண். கேபினட்டின் முன்பக்கக் காற்று வழியில் நைலான் கொசுவலை ஒட்டி, அதை மாதம் ஒருமுறை அலசிப் போட்டால் அடுத்த முறை இவ்வளவு பாடு இருக்காது.

யூட்யூபில் ஏன் இன்னும் மோசம்? இதற்கும் ஃபேனுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் ஐ5-8400-இல் வீடியோவைப் பிரித்துக் காட்டத் தனிப் பகுதி உண்டு. ஹெச்.264, 10 பிட் ஹெச்இவிசி, விபி9 என்ற வீடியோ சுருக்க முறைகள் மூன்றையும் அது அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். ஏவி1 மட்டும் அதற்குத் தெரியாது. இன்டெலில் அந்த வசதி 11-ஆம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1 வீடியோ வந்தால் ப்ராசசரின் ஆறு கோரும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும், சூடு கிளம்பும். வீடியோவின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்து, கோடெக்ஸ் வரியைப் பாருங்கள். ஏவி01 என்று தொடங்கினால் விஷயம் இதுதான். யூட்யூப் கணக்கின் பிளேபேக் அமைப்பில் ஏவி1-ஐ எஸ்டிக்கு (குறைந்த தெளிவுள்ள வீடியோவுக்கு) மட்டும் என்று வையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஏவி1-ஐத் தடுக்கும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. டிஸ்க்கில் உள்ள படங்களுக்கு, விஎல்சி, கோடி போன்ற ப்ளேயரில் ஹார்ட்வேர் டிகோடிங் (அந்தத் தனிப் பகுதியைப் பயன்படுத்தும் அமைப்பு) அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். படம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கம் போனால் 'வீடியோ டிகோட்' கோடு ஏறியிருக்க வேண்டும். அது தரையில் கிடந்து சிபியு மட்டும் ஏறியிருந்தால் அமைப்பு தவறு.

இன்னொரு எளிய வழி: விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'மேக்சிமம் ப்ராசசர் ஸ்டேட்' என்பதை 100-லிருந்து 99 ஆக்குங்கள். டர்போ (தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் வசதி) நின்று, 4 கிகாஹெர்ட்ஸ் வரை தாவும் ப்ராசசர் 2.8-ஐத் தாண்டாது. படம் பார்க்க அது தாராளம்.

இவ்வளவும் முடித்தபிறகு பயாஸுக்குள் (கம்ப்யூட்டர் கிளம்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் ஃபேன் வேகத்தை அமையுங்கள். 60 டிகிரி வரை மிகக் குறைந்த வேகம், அங்கிருந்து 75 வரை மெல்ல ஏற்றம், 85-இல் முழு வேகம். இந்த ப்ராசசர் 100 டிகிரியில்தான் தன்னைத் தானே மட்டுப்படுத்திக்கொள்ளும், அதனால் 70-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சூடு ஏறியதும் எவ்வளவு தாமதித்து வேகம் கூட வேண்டும் என்று கேட்கும் அமைப்பு இருந்தால் அதைக் கூட்டி வையுங்கள். ஏறி இறங்கும் தொல்லை அதோடு ஒழியும். இதையெல்லாம் கோடையில் செய்து பாருங்கள். மார்கழியில் அமைத்தது சித்திரையில் செல்லாது.

கேபினட்டோடு வந்த பின்புற ஃபேன் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் மோலெக்ஸ் என்ற மின் ஒயரில் மாட்டியிருந்தால், அது எந்நேரமும் 12 வோல்ட்டில் முழு வேகத்தில்தான் ஓடும். அதை மதர்போர்டின் ஃபேன் முனைக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு ஃபேனை மட்டும் வாங்குங்கள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். 120 மி.மீ., நான்கு பின், பிடபிள்யூஎம் (மதர்போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் வகை) என்று கேளுங்கள். கலர் லைட் மின்னுவதை முதலில் எடுத்து நீட்டுவார்கள், அது மோலெக்ஸ் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் கேபினட்டில் 80 மி.மீ. ஓட்டைதான் என்றால் விதி வேறு: ஒரே வடிவ ஃபேன்களில், 120 மி.மீ. ஃபேன் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் தள்ளும் காற்றை 80 மி.மீ. ஃபேன் முழு வேகத்தில்தான் தள்ளும். அப்போது கேபினட்டையே மாற்றுவது நல்லது. கரகரக்கும் பழைய ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில மாதம் ஓடும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், பிசினாகிச் சிக்கிக்கொள்ளும்.

எஸ்எம்பிஎஸ்தான் கத்துகிறது என்றால் அதைத் திறக்கவே கூடாது. உள்ளே உள்ள கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் கம்ப்யூட்டர் படம் ஓட்டும்போது பெரும்பாலும் 50 வாட்டைத் தாண்டாது. 120 மி.மீ. ஃபேன் உள்ள, 80 ப்ளஸ் என்ற மின்சிக்கன முத்திரை பெற்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினால் அதன் ஃபேன் ஓடுவதே தெரியாது.

வாட்டர் கூலிங் உங்களுக்கு வேண்டாம். அதிலும் ரேடியேட்டருக்கு ஃபேன் உண்டு, கூடவே பம்ப்பின் முனகல் வேறு. 65 வாட் ப்ராசசருக்கு அது வீண் செலவு.

கடைசியாக வசனம். சத்தத்தை அடக்கிய பிறகும் பேச்சு அமுங்கியே கேட்டால் தப்பு வேறு இடத்தில். 5.1 ஒலியுள்ள, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்துப் பதிந்த, படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று பதிவாகியிருக்கும். உங்கள் டிவியில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் ஸ்பீக்கரை ஸ்டீரியோ என்று வைத்து, ப்ளேயரிலும் வெளியீட்டை 2.0 ஆக்குங்கள். நடு சேனல் இரண்டு பக்கமும் பிரிந்து வரும்.