குறைந்த விலை டிஜிட்டல் சிந்தசைசரில் அனலாக் சத்தம் வருமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கோயில் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறாராம். கையில் முப்பத்தைந்தாயிரம் சேர்த்து வைத்திருக்கிறார். யூடியூபில் பார்க்கிற ஆளெல்லாம் அனலாக்தான் (மின்சுற்றிலேயே சத்தம் பிறக்கிற பெட்டி) கனம், டிஜிட்டல் (எண்களாக்கிச் சத்தம் தருகிற பெட்டி) சப்பை என்கிறார்கள், இந்தக் காசுக்கு டிஜிட்டல் வாங்கினால் ஏமாந்துபோவேனா என்பது கேள்வி.

வரும் தம்பி, தாராளமாக வரும். ஆனால் டிஜிட்டல் என்று ஒரே பெயரைச் சொல்லிக் கடையில் மூன்று விதமான பெட்டி விற்கிறார்கள். அதில் ஒரு விதத்தில்தான் நீங்கள் தேடுவது இருக்கிறது.

நான் காரைக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவன். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வழக்கமான கீபோர்டு, மேல்தட்டில் சின்னதாக ஒரு மோனோ அனலாக் (ஒரு நேரத்தில் ஒரு நோட்டு மட்டும்), ஓரத்தில் லேப்டாப். மூன்றும் ஒரே மிக்சருக்குப் போவதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிற வசதி எனக்கு உண்டு. அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் விதம் சாம்பிள் கீபோர்டு. நம் பக்கத்துக் குழுக்களில் அதிகம் பார்க்கிற ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, எக்ஸ்பிஎஸ்-30 எல்லாம் இந்த ரகம். நிஜ வாத்தியத்தை ஸ்டுடியோவில் பதிவு செய்து மெமரியில் ஏற்றியிருப்பார்கள். கீயை அழுத்தினால் அந்தப் பதிவு ஓடும். சிதார், வயலின், தபலா என்று ஒரு ராத்திரிக் கச்சேரிக்கு வேண்டிய எல்லாமே உள்ளே இருப்பதால் இதை விட்டால் நமக்குப் பிழைப்பு இல்லை. ஆனால் அதில் மூக் என்ற அனலாக் பெட்டியின் பேஸ் மாதிரி ஒரு டோன் இருக்கும் பாருங்கள், அங்கேதான் குட்டு வெளிப்படும். ஃபில்டர் (மேல் சத்தத்தை வெட்டுகிற பகுதி) 'வ்வாவ்' என்று திறக்கிற சத்தமும் சில டோன்களில் சேர்ந்தே பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை ஓர் ஆக்டேவ் மேலே வாசித்தால் வேகமும் இரட்டிப்பாகும். ஒரு விநாடியில் திறந்த ஃபில்டர் அரை விநாடியில் திறந்துவிடும். இதற்காக நாலைந்து கீக்கு ஒரு பதிவு என்று தனித்தனியாக வைப்பார்கள். அப்படி வைத்தாலும் எத்தனை தடவை அழுத்தினாலும் அதே 'வ்வாவ்' அச்சுப் பிசகாமல் வரும். யூடியூப் ஆட்கள் சப்பை என்று திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். அந்த அளவில் அவர்கள் சொல்வது சரி.

பெயரைப் பார்த்தும் மயங்கிவிட வேண்டாம். 1984-ல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 அனலாக் ஃபில்டர் உள்ள ஆறு குரல் (ஒரே நேரத்தில் ஆறு நோட்டு) பெட்டி. பிற்காலத்தில் வந்த ஜூனோ-டி, ஜூனோ-டிஐ, ஜூனோ-டிஎஸ் எல்லாம் சாம்பிள் கீபோர்டுகள். "ஜூனோண்ணே, அந்தப் பழைய ஜூனோதாண்ணே" என்று விற்க வருகிறவர்கள் உண்டு. பின்னால் இருக்கிற எழுத்தைப் பாருங்கள்.

இரண்டாவது விதம் எஃப்எம். ரேடியோ இல்லை, ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்துச் சத்தம் செய்கிற முறை. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த முறையை வைத்து யமஹா 1983-ல் டிஎக்ஸ்7 கொண்டுவந்தது. மணிச் சத்தம், எலெக்ட்ரிக் பியானோ என்று எண்பதுகள் முழுக்க உலகமே அதைத்தான் கேட்டது. அனலாக் மாதிரி ஆக வேண்டும் என்று அது ஆசைப்பட்டதே இல்லை. விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் உங்களுக்கு வேண்டியது. அனலாக் சர்க்யூட் என்ன செய்கிறது என்பதை அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டுச் சத்தமாக்குகிற பெட்டிகள். 1995-ல் ஸ்வீடனின் க்ளாவியா கொண்டுவந்த நார்ட் லீட் இந்த வழியைத் திறந்துவிட்டது. 2002-ல் வந்த கோர்க் மைக்ரோகோர்க் சின்னக் கையிருப்புக்காரனுக்கும் எட்டுகிற விலையில் அதைத் தந்தது. இவற்றில் பதிவு எதுவும் கிடையாது. ஃபில்டரை நீங்கள் திறந்தால்தான் திறக்கும், எந்தக் கீயில் திறந்தாலும் அதே வேகத்தில் திறக்கும்.

இவற்றிலும் பழைய பெட்டிகளில் இரண்டு இடம் உதைக்கும். ஒன்று மேல் ஆக்டேவ். சா-டூத் (ரம்பப்பல் வடிவ) அலையில் அடிப்படைச் சுருதிக்கு 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று மேற்சுரங்கள் போய்க்கொண்டே இருக்கும். விநாடிக்கு 44,100 மாதிரி எடுக்கிற டிஜிட்டலில் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் இடம் கிடையாது. அதைத் தாண்டுகிற மேற்சுரங்களைக் கவனித்து நீக்காவிட்டால் அவை திரும்பிக் கீழே மடிந்து, சுருதியோடு ஒட்டாத இடத்தில் வந்து விழும். கடையிலேயே சோதிக்கலாம். வெறும் சா-டூத், எஃபெக்ட் எல்லாம் ஆஃப், கடைசி ஆக்டேவில் ஒரு நோட்டைப் பிடித்துக்கொண்டு பிட்ச் பெண்டை மெதுவாக மேலே தள்ளுங்கள். நோட்டு மேலே ஏறும்போது அடியில் மெல்லிசாக இன்னொரு விசில் கீழே இறங்கினால் அந்தப் பெட்டியை வைத்துவிடுங்கள். நல்ல பெட்டியில் ஒரே சத்தம்தான் ஏறும்.

இன்னொன்று ஃபில்டர். மினிமூக் என்ற பழைய அனலாக் பெட்டியின் ஃபில்டர் ஆக்டேவுக்கு 24 டெசிபெல் வெட்டுகிற ரகம். வெளியே வருகிற சத்தத்தைக் கொஞ்சம் திருப்பி உள்ளே ஊட்டுவதுதான் ரெசொனன்ஸ். சத்தம் கூடினால் உள்ளே இருக்கிற ட்ரான்சிஸ்டர்கள் முனை மழுங்கிக் கொடுக்கும். அந்த மழுங்கலைத்தான் நாம் கனம் என்கிறோம். இதைக் கணக்காகச் செய்யும்போது வெளியே வந்ததை உள்ளே ஊட்ட ஒரு சாம்பிள் (ஒரு மாதிரி எடுக்கிற துளி நேரம்) தாமதமாகிறது. கட்-ஆஃப் (ஃபில்டர் வெட்டத் தொடங்குகிற இடம்) மேலே போகப் போக அந்தத் தாமதம் சத்தத்தைக் கெடுக்கும். அதை நீக்க ஒவ்வொரு சாம்பிளுக்கும் சமன்பாட்டைத் திரும்பத் திரும்பத் தீர்க்க வேண்டும். பழைய சிப்புகளுக்கு அந்தத் தெம்பு இல்லை. 2011-ல் யு-ஹீ கம்பெனியின் டீவா என்ற மென்பொருள் இதைச் செய்து காட்டியபோது அன்றைய கம்ப்யூட்டர்கள் மூச்சு வாங்கின. இன்று நடுத்தர லேப்டாப்பே அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிறது. ஆகவே பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய சண்டையை இன்றைய பெட்டி மேல் ஏற்றிப் பேசுகிறவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது, அனலாக்கில் சுருதி கொஞ்சம் அலைவது. இரண்டு ஆசிலேட்டர் (அலையை உண்டாக்குகிற பகுதி) ஒன்றோடு ஒன்று துல்லியமாகச் சேராமல் லேசாக அசைந்துகொண்டே இருப்பதால் சத்தம் உயிரோடு இருக்கிற மாதிரித் தோன்றும். இது ஒன்றும் மந்திரம் இல்லை. அந்தக் காலத்து இன்ஜினியர்கள் இதைக் குறை என்று நினைத்து ஒழிக்கப் பாடுபட்டார்கள். 1978-ல் வந்த ப்ராஃபெட்-5 பெட்டியில் ஐந்து குரலையும் சேர்த்துச் சுருதி கூட்ட ஒரு பட்டனே உண்டு. அதையே 2020-ல் மறுபடி கொண்டுவந்தபோது, சுருதி வேண்டுமென்றே அலைய 'விண்டேஜ்' என்று ஒரு திருகு வைத்தார்கள். ஒழித்ததைத் திரும்ப விலைக்கு விற்கிறார்கள், சிரிக்காமல் என்ன செய்வது. உங்கள் டிஜிட்டலில் இதை நீங்களே செய்துகொள்ளலாம்: இரண்டாவது ஆசிலேட்டரை நாலைந்து சென்ட் (அரைக் கட்டையில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலக்குங்கள், மிக மெதுவான எல்எஃப்ஓ (காதுக்குக் கேட்காமல் சத்தத்தை அசைக்கிற அலை) ஒன்றை நூலளவு பிட்ச்சுக்குக் கொடுங்கள், ஒவ்வொரு நோட்டுக்கும் அலை ஒரே புள்ளியில் தொடங்கும் என்ற செட்டிங் இருந்தால் அணைத்துவிடுங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த அலைச்சலுக்கு நம் ஊரில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. அனலாக் ஆசிலேட்டரின் சுருதியை நிர்ணயிக்கிற ட்ரான்சிஸ்டர் வெயிலுக்கு இளகும். ஈடுகட்டாமல் விட்டால் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம். பத்து டிகிரி ஏறினால் ஓர் ஆக்டேவ் அகலத்தில் நாற்பது சென்ட் போலக் குறையும், கிட்டத்தட்ட அரைக் கட்டையில் பாதி. எல்லாக் கம்பெனியும் இதற்கு ஈடுகட்டும் சர்க்யூட் வைக்கிறது, இருந்தாலும் முழுக்கத் தீர்வதில்லை. மாசி-பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா சமயத்து மேடையை நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் தகரக் கொட்டகையின் கீழே அனலாக்கை ஆன் செய்து சுருதி கூட்டுகிறோம். ராத்திரி பத்து மணிக்கு முன்னாலிருந்து ஒளி அடிக்கிறது, பின்னாலிருந்து ஃபேன் அடிக்கிறது. பாடகர் தாரஸ்தாயிக்குப் போகும்போது என் லீட் அவருக்கு ஒரு நூல் கீழே நிற்கிறது. பாட்டுக்கு நடுவில் ஒரு கையால் வாசித்து இன்னொரு கையால் ட்யூன் திருகைத் தொட்டுப் பழகிவிட்டது. நடுவில் கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்தாலோ, சூடேறிய பெட்டி மறுபடி நிதானத்துக்கு வரக் கொஞ்ச நேரம் வேண்டும். லேப்டாப்புக்கு இந்த வம்பே கிடையாது, அது பாட்டரியில் ஓடும்.

இவ்வளவு பாடுபட்டு வாசிக்கிற அனலாக், கூட்டத்தில் எப்படிக் கேட்கிறது? நம் திருவிழாக்களில் பாதித் தெருவுக்குக் கூம்பு ஸ்பீக்கர். அதில் அடிக்கனமும் வராது, மேல் மினுமினுப்பும் வராது, நடுவில் இருப்பது மட்டும் காதைத் துளைக்கும். மேடைப் பக்கம் பாக்ஸ் இருந்தாலும் மிக்சரிலிருந்து மோனோவாகத்தான் (இடது வலது பிரியாமல் ஒரே வழியாக) போகிறது. பழைய ஜூனோவின் பெருமையே அந்த ஸ்டீரியோ கோரஸ் எஃபெக்ட். இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் அதில் பாதி காணாமல் போகும். செட்டிநாட்டு வீட்டு விசேஷம் என்றால் கதை வேறு. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வளவில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி மாதிரிச் சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை. ஒரு கோர்டு அடித்துக் கையை எடுத்தால் அது முற்றத்தைச் சுற்றிவிட்டு வருகிறது. அங்கே கீபோர்டில் இருக்கிற ரிவெர்ப், கோரஸ், டிலே எல்லாவற்றையும் அணைத்து, ஃபில்டரைக் கொஞ்சம் மூடி வாசித்தால் சாதாரண டிஜிட்டல் பேட் கூடப் பிரமாதமாக நிற்கும். சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) வந்த ஆச்சி ஒருவர் "நல்லாயிருக்கப்பா, என்ன பெட்டி?" என்று கேட்டது லேப்டாப்பில் வந்த சத்தத்தைத்தான். மேல்தட்டில் அனலாக் சும்மா இருந்தது.

அப்படியென்றால் அதை ஏன் இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறேன்? கைக்காக. ஒரு வேலைக்கு ஒரு திருகு, மெனு கிடையாது. லீட் வாசிக்கும்போது இடது கை கட்-ஆஃபிலேயே இருக்கும், கண்ணை எடுக்கவே வேண்டாம். வீணைக்குப் பேர் போன ஊர்க்காரன் நான், கமகம் இல்லாத நோட்டு எனக்குப் பாதி நோட்டு. போர்ட்டமென்டோவும் (ஒரு நோட்டிலிருந்து அடுத்ததுக்கு வழுக்குவது) பிட்ச் வீலும் சேர்ந்தால் கீபோர்டிலும் ஓரளவு இழுக்கலாம். 1982-லேயே பம்பாய் வாத்தியக்காரர் சரண்ஜித் சிங், ரோலண்ட் டிபி-303, ஜூபிடர்-8 பெட்டிகளில் ராகங்களை வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் இந்த வசதிக்கும் அனலாக்குக்கும் ரத்த சம்பந்தம் எதுவும் இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் விரலால் வழுக்கி வாசிக்கிற கான்டினுவம் முழுக்க டிஜிட்டல்தான். ஸ்டுடியோவில் ஹெட்போன் போட்டு, ஒரே ஒரு மோனோ லீடை ரெசொனன்ஸ் உச்சத்தில் வைத்து, ஃபில்டரை முறுக்கிப் பிழிந்து வாசிக்கும்போது மட்டும் அனலாக் ஒரு படி மேலே நிற்பதாக எனக்குப் படுகிறது. பின்னால் ட்ரம்ஸும் கிடாரும் சேர்ந்துவிட்டால் எனக்கே தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனலாக் என்றால் லட்சக்கணக்கில் என்பதும் பழங்கதை. 1970-ல் வந்த மினிமூக்கை அப்படியே பார்த்துச் செய்த பெரிங்கர் மாடல் டி, கோர்க்கின் மோனோலாக், கையடக்க வோல்கா என்று மலிவு அனலாக்குகள் வந்துவிட்டன. உங்கள் காசுக்கு மோனோ அனலாக் கிடைக்கும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு நோட்டுதான். கோயில் கச்சேரியில் பாதி நேரம் நீங்கள் கோர்டு பிடித்துக்கொண்டு நிற்பீர்கள், அதற்கு அது உதவாது. பல குரல் அனலாக் உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும்.

பழைய ஜூனோ-106 மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். அதன் குரல் சிப்புகளை எபாக்ஸியில் மூடியிருக்கிறார்கள், வருஷம் ஆக ஆக ஒவ்வொன்றாகச் செத்துப்போவது அந்தப் பெட்டியின் பிறவிக் குணம். மின்வேதியியலுக்கு சிக்ரி மாதிரி ஒரு தேசிய ஆராய்ச்சிக்கூடமே நம் காரைக்குடியில் இருக்கிறது. அனலாக் சிந்தசைசரைத் திறந்து பார்க்கத்தான் எனக்குத் தெரிந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் இல்லை.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் இப்படிச் செய்வேன். இப்போதிருக்கிற கீபோர்டை விற்காமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் லேப்டாப் இருந்தால் சர்ஜ் எக்ஸ்டி, டால் நாய்ஸ்மேக்கர், யு-ஹீயின் டைரல் என்6 என்ற சிந்தசைசர் மென்பொருள் மூன்றையும் இறக்குங்கள், மூன்றும் இலவசம். நிறையத் திருகு உள்ள மிடி கன்ட்ரோலர் (சொந்தச் சத்தம் இல்லாமல், எந்தக் கீயை அழுத்தினீர்கள் என்பதை மட்டும் மிடி என்ற சைகையாக லேப்டாப்புக்கு அனுப்புகிற பெட்டி) ஒன்றும், ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினாலே கையில் காசு மிஞ்சும். மேடையில் லேப்டாப் பயம் என்றால் செகண்ட் ஹேண்ட் மைக்ரோகோர்க் பாருங்கள், ஆறு டபுள்-ஏ செல்லிலும் ஓடும். அல்லது 2023-ல் வந்த ரோலண்ட் எஸ்-1. கையடக்கம்தான், நாலு குரல், சார்ஜ் போட்டு ஓட்டலாம்; அதில் வாசிக்கிற மாதிரிக் கீ இல்லை, உங்கள் கீபோர்டிலிருந்து மிடி கொடுத்து வாசிக்க வேண்டும். கடைக்குப் போகும்போது உங்கள் ஹெட்போனைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் முதலில் டெமோ பட்டனைத்தான் அழுத்துவார். "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, எஃபெக்டை எல்லாம் அணைத்துவிட்டு அந்த சா-டூத் நோட்டைப் பிடித்துப் பாருங்கள்.