பயப்படுகிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களா?

கேள்வி: நிலக்கரியோடு ஒப்பிட்டால் அணுமின்சாரத்தால் இறந்தவர்கள் மிகமிகக் குறைவு. கரியமில வாயுவும் கிடையாது. இருந்தும் மக்கள் எதிர்ப்பது வெறும் அறியாமைதானே? அறிவியலைச் சொல்லிக்கொடுத்தால் போதாதா?

பதில்: உங்கள் முதல் இரண்டு வரிகளோடு எனக்குச் சண்டை இல்லை. நிலக்கரிப் புகை ஆண்டுதோறும் லட்சக்கணக்கான உயிர்களைக் குடிக்கிறது. இத்தனை யூனிட் மின்சாரத்துக்கு இத்தனை உயிர் என்று கணக்குப் போட்டால், அணு உலை காற்றாலைக்கும் சோலாருக்கும் பக்கத்தில்தான் நிற்கும். சுரங்கம், கட்டுமானம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதன் கரியமில வாயு சொற்பமே.

ஆனால் அறியாமை என்று நீங்கள் போட்ட சொல்லை ஏற்க மாட்டேன்.

2011 மார்ச் 11 அன்று நிலம் அதிர்ந்தபோது, ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் நிறுத்திய உலையும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நிற்காமல் ஓடினால்தான் எரிபொருள் உருகாது. அந்தத் தண்ணீரை ஓட்டவேண்டிய டீசல் ஜெனரேட்டர்களைச் சுனாமி மூழ்கடித்தது. எதிர்பாராத அலை என்றார்கள். 15 மீட்டருக்கு மேல் அலை எழலாம் என்று அந்த நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குள்ளேயே 2008-இல் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார்கள். பார்த்துவிட்டுக் கடல் தடுப்புச் சுவரை உயர்த்தாமல் இருந்தார்கள்.

நிலநடுக்க மையத்துக்கு இன்னும் நெருக்கமாக இருந்த ஒனகாவா அணுமின் நிலையம் தப்பித்தது. அதைக் கட்டும்போது யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர், பழைய காலத்துச் சுனாமிகளைச் சுட்டிக்காட்டி, நிலையத்தை ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்தில்தான் அமைக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வீடிழந்த சுற்றுவட்டார மக்கள் அந்த அணுமின் நிலைய வளாகத்திலேயே நூற்றுக்கணக்கில் தஞ்சம் புகுந்தார்கள். இரண்டும் ஒரே நாடு, ஒரே வகை உலை. இந்த இரண்டையும் அறிந்த ஒருவர், 'எங்கள் ஊரில் கட்டப்போகிறவர் இதில் எந்த ரகம்?' என்று கேட்டால், அவருக்கு நீங்கள் எந்த அறிவியலைச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

சோவியத் நாட்டின் செர்னோபில் அணு உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலையில். பக்கத்து நகரமான பிரிப்யாத்தைக் காலிசெய்ய மறுநாள் பிற்பகல் ஆனது. உலகத்துக்கு முதல் துப்பு கிடைத்ததே 28-ஆம் தேதி, ஸ்வீடனில் இருந்த வேறொரு அணுமின் நிலையத்தின் கதிர்வீச்சு அளவிகளிலிருந்துதான். மே தின ஊர்வலம் கீவ் நகரில் வழக்கம்போல நடந்தது. போலந்து அரசு தானே முடிவெடுத்துக் கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்கு, கதிரியக்க அயோடின் தைராய்டு சுரப்பியில் சேராமல் தடுக்கும் அயோடின் மருந்து கொடுத்தது. சோவியத் கிராமங்களிலோ பிள்ளைகள் கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பகுதியினர் அந்தப் பிள்ளைகள்தாம். பாலைக் கொடுக்காதீர்கள் என்று அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதை எழுதும்போது இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

பயமும் உயிர் குடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஃபுகுஷிமாவில் கதிர்வீச்சால் நேர்ந்த சாவு என்று ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. வெளியேற்றத்தின் அலைச்சலிலும் இடம்பெயர்ந்த வாழ்விலும் இறந்தவர்கள் 2,000 பேருக்கு மேல், பலரும் முதியவர்கள். ஆனால் அவ்வளவு குழப்பத்தோடு வெளியேற்ற நேர்ந்ததற்கும் தயாராக இல்லாதவர்கள்தானே பொறுப்பு?

நீங்கள் கேட்காவிட்டாலும் பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரான்சின் ஃபிளமான்வில் மூன்றாம் உலையை 330 கோடி யூரோவில் 2012-க்குள் முடிப்பதாகச் சொல்லி 2007-இல் தொடங்கினார்கள். மின்கட்டமைப்பில் அது இணைந்தது 2024 டிசம்பரில். செலவு 1,320 கோடி யூரோ. அணு உலையில் எரிபொருள் செலவு கொஞ்சம்தான். கட்டி முடிக்கத் தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் ஏறும் வட்டிதான் யூனிட் விலையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 2017-இல் இரண்டு உலைகளைப் பாதியில் கைவிட்டபோது, பல நூறு கோடி டாலர் சுமை மின்கட்டணம் கட்டுகிறவர்கள் தலையில் விழுந்தது. ஒரு யூனிட் மின்சாரம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சொல்லிக்கொடுத்தால் போதாதா என்கிறீர்கள். பின்லாந்தில் முதலில் ஊராரிடம் சம்மதம் கேட்டார்கள். அணுக்கழிவுக் கிடங்கு வேண்டாம் என்று மறுக்கும் உரிமையை உள்ளாட்சிக்குச் சட்டமே கொடுத்திருந்தது. அந்த உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு யூராயோக்கி ஊர் மன்றம் 2000-இல் 20-க்கு 7 என்ற கணக்கில் சம்மதித்தது. 400 மீட்டருக்கும் ஆழத்தில் ஓன்கலோ கிடங்கு அங்கே உருவானது. அமெரிக்க நாடாளுமன்றமோ 1987-இல் நெவாடா மாநிலத்தின் யக்கா மலையைத் தன் நாட்டு அணுக்கழிவுக் கிடங்குக்காகத் தானே தேர்ந்தெடுத்து அறிவித்தது. அந்த மாநிலம் அன்றிலிருந்து விடாமல் எதிர்க்கிறது. பல நூறு கோடி டாலர் செலவழித்தும் அந்த மலைக்குள் பயன்படுத்தித் தீர்ந்த எரிபொருள் ஒரு கட்டுகூடப் போகவில்லை. நாடெங்கும் அது உலை வளாகங்களிலேயே கிடக்கிறது.