உலையில் மறையாத படம்

கேள்வி: டார்ச் சுடரில் போரோசிலிகேட் (வெப்பம் தாங்கும் கண்ணாடி, சுருக்கமாக போரோ) பதக்கங்கள் செய்கிறேன். கணினியில் வரைந்த கோட்டுச் சித்திரங்களை இங்க்ஜெட் டெகால் தாளில் (படத்தை வேறு பரப்புக்கு மாற்றி ஒட்டும் தாள்) அச்சிட்டு ஒட்டி உலையில் வைத்தால், படம் சுவடே இல்லாமல் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒட்டியதில் தவறில்லை, மைதான் காரணம். இங்க்ஜெட் மையில் இருப்பது கரிமச் சாயம். அனீலிங்குக்கான (கண்ணாடியின் உள் அழுத்தம் நீங்கச் சூட்டில் வைத்து மெதுவாக ஆறவிடுவது) 565 டிகிரி செல்சியஸை எட்டுவதற்குள் அது எரிந்துவிடும். நெருப்பில் நிற்பது உலோக ஆக்சைடுதான்.

சில கறுப்பு-வெள்ளை லேசர் பிரின்டர்களின் டோனரில் இரும்பு ஆக்சைடு இருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, துளி டோனரைத் தாளில் தட்டி, அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். தூள் கூடவே ஓடினால் அந்தப் பிரின்டர் உதவும். சுட்ட பிறகு கோடு கறுப்பாக இருக்காது, செம்பழுப்பாகிவிடும். லேசருக்கான டெகால் தாளையே வாங்குங்கள். ஒட்டும்போது அடியில் காற்றுக்குமிழி தங்கினால் அந்த இடத்தில் படம் ஓட்டையாகிவிடும். நன்றாகக் காயவிட்டு, டெகாலின் மேல்பூச்சு எரிந்து முடியும்வரை உலையை லேசாகத் திறந்தே வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். அந்தப் புகை நல்லதல்ல, ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

சிக்கல் வெப்பநிலையில்தான். டோனரில் இளக்கி (தானே உருகி நிறத்தைக் கண்ணாடியில் பிடிக்கவைக்கும் பொருள்) கிடையாது. கண்ணாடியின் மேற்பரப்பு இளகினால்தான் இரும்பு அதில் பிடிக்கும். சோடா கண்ணாடியில் (ஜன்னல், பாட்டில்களின் சாதாரணக் கண்ணாடி) இது ஏறத்தாழ 750 முதல் 800 டிகிரிக்குள் நடக்கும். போரோ அவ்வளவு சுலபமாக இளகாது, அதன் மென்மையாகும் புள்ளியே 820ஐ ஒட்டி இருக்கிறது. வீணான குழாய்த் துண்டுகளில் 750இல் தொடங்கி, 20 டிகிரி வீதம் ஏற்றிச் சோதியுங்கள். துண்டு வளையாமலும், தேய்த்தால் கோடு அழியாமலும் இருக்கும் அளவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு வழக்கம்போல அனீலிங்.

பளிச்சென்ற நிறம் வேண்டி எனாமல் (உருகிப் படியும் நிறக் கண்ணாடித்தூள்) டெகாலுக்குப் போகலாமே என்று தோன்றும். போரோவுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். அந்த எனாமல்கள் பெரும்பாலும் 90ஐ ஒட்டிய விரிவுக் குணகமுள்ள (சூட்டில் விரியும் அளவு) சோடா கண்ணாடிக்கானவை, போரோவினுடையதோ 33. பூச்சு சற்றுத் தடித்தாலும் விரிசல் விட்டு உதிரும். ஈயம் கலந்தவையும் உண்டு, குடிக்கும் பாத்திரங்களில் வேண்டவே வேண்டாம்.

கோட்டுச் சித்திரம்தான் என்றால் சூடே இல்லாத வழி மேல். படத்தைத் தெளிவான ஃபிலிமில் கறுப்பாக அச்சிட்டு, ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளி பட்ட இடம் இறுகி, படாத இடம் கழுவினால் போய்விடும்) படலத்தின்மேல் வைத்துப் புற ஊதா ஒளி காட்டிக் கழுவினால், மறைப்புத் தாள் தயார். அதை அனீல் ஆன பதக்கத்தில் ஒட்டி மணல் பீய்ச்சுங்கள். தெளிந்த கண்ணாடிமேல் மெல்லிய நிற அடுக்கு போட்டிருந்தால், பீய்ச்சிய இடத்தில் நிறம் அறுபட்டு அடிக்கண்ணாடி தெரியும். அதன்பின் மறுபடி டார்ச்சில் காட்டாதீர்கள், நுண்கோடுகள் உருகி மழுங்கிவிடும்.