நள்ளிரவில் வரும் சைக்கிள்காரர்கள்

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறோம். சில ராத்திரிகளில் ஹெல்மெட், மினுக்கும் விளக்கு சகிதம் சைக்கிளில் ஆட்கள் வருகிறார்கள். நேரம் போட்ட பில் கேட்கிறார்கள், டீயைக் குடித்துவிட்டுப் பறக்கிறார்கள். நன்றாகக் கவனித்து அனுப்ப ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: அந்த பில்லில் இருந்தே தொடங்குங்கள். பில் கேட்பவர்கள் பெரும்பாலும் ‘பிரெவே’, அதாவது கெடு நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் நெடுந்தூரச் சைக்கிள் பயணம், ஓட்டுபவர்கள். 200 கி.மீ.க்கு பதிமூன்றரை மணி நேரம், 300க்கு 20, 600க்கு 40 என்று கெடு உண்டு. இந்த இடத்தை இந்த நேரத்தில் தாண்டினார் என்பதற்கு உங்கள் பில் சாட்சியாகலாம். மெஷின் இல்லையென்றால் துண்டுச்சீட்டில் கடை முத்திரை வைத்து, தேதியும் மணியும் எழுதிக் கொடுங்கள். மெஷின் இருந்தால் அதன் கடிகாரம் சரியா என்று இன்றே பாருங்கள்.

காசு வாங்கிக்கொள்ளுங்கள். ஓசியில் கொடுத்தால் அடுத்த முறை கூச்சத்தில் உங்கள் கடையைத் தாண்டிப் போய்விடுவார்கள். தண்ணீர் தருகிறேன் என்று பைக்கில் பின்னாலேயே போவதும் வேண்டாம். அவர்கள் வழியில் கடையில் வாங்கிச் சாப்பிடலாம். கூடவே ஆள் வந்து உதவினால் பிரெவே செல்லாமல் போகலாம்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு மணிக்கணக்கில் வியர்த்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றும். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. எலுமிச்சை பிழிந்தால் குடிக்கச் சுகம். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் தாராளமாகத் தரலாம். உங்கள் ஊர் நிப்பட் தட்டை உப்பும் மொறுமொறுப்புமாக இருப்பதால் இரண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுங்கள், பையில் நொறுங்கினாலும் தின்னலாம். களி உருண்டையை மட்டும் படுக்கப் போகிறவருக்கு வையுங்கள். உடனே மிதிக்கப் போகிறவருக்கு அது வயிற்றில் கல்.

சைக்கிளைக் கண்ணில் படும் இடத்தில் சாய்க்கச் சொல்லுங்கள். கீழே படுக்க வைத்தால் இடப்பக்கமாக. கியர் மாற்றி வலப்பக்கம் இருக்கிறது, வளைந்தால் வழியில் சரிசெய்வது கஷ்டம். நிற்கும் சைக்கிளில் பிள்ளைகள் கியரைத் தட்டி விளையாடினால், அவர் ஏறி மிதித்ததும் செயின் கழன்றுவிடலாம்.

பஞ்சர் கடையில்தான் அதிகம் சொதப்பும். இவர்கள் ட்யூபில் பெரும்பாலும் மெல்லிசான பிரெஸ்டா வால்வு. கம்ப்ரசர் வாய் அதில் பொருந்தாது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கிப் போட்டுவையுங்கள். காருக்கு அடிப்பதுபோல் 35 பி.எஸ்.ஐ. அடித்து அனுப்பினால் மெல்லிய டயர் அடுத்த பள்ளத்திலேயே ரிம்மில் நசுங்கி, ட்யூபில் பாம்புக்கடி மாதிரி இரண்டு ஓட்டை விழும். எவ்வளவு காற்று என்பது டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். அதைத் தாண்டாமல், கால் வைத்து அடிக்கும் பம்பில் அவரையே அடிக்க விடுங்கள்.

வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அவர் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். லாட்ஜுக்கு மட்டுமான சட்டமல்ல அது.

தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பாரம் ஏற்றிய லாரிகளுக்கு பிரேக் பிடிக்காமல் போவதுண்டு. கண் சொருகும் நிலையில் கிளம்புகிறவரை அரை மணி நேரம் பெஞ்சில் சாயச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.